வைக்கோல் தெருவின் வகுப்பறை

விழா மலரில் வரும் துறை வரலாறுகளுக்கு ஓர் அமைப்பு உண்டு. அடிக்கல் நாட்டிய நாள், இடம் கொடுத்த புரவலர், முதல் தலைவரின் படம், பிறகு பொறுப்பு வகித்தவர்களின் பட்டியல். நான் எழுத வந்திருக்கும் துறைக்கு அடிக்கல் கிடையாது. சொந்தக் கட்டடமும் கிடையாது. பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் 13-ஆம் நூற்றாண்டில் சேன் ஆற்றின் இடக்கரையில், ஒரு குறுகலான தெருவின் வாடகை அறைகளில் நடந்தது. மாணவர்கள் தரையில் வைக்கோல் பரப்பி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். அதனால் தெருவுக்கே வைக்கோல் தெரு என்று பெயர் விழுந்தது. ரூ து ஃபுவார் என்ற அந்தப் பெயரோடு அது இன்றும் பாரிஸில் இருக்கிறது.

நம் மெய்யியல் துறையின் மலரில் அந்தத் தெருவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மெய்யியலைத் தனிப் பாடமாகப் பயிற்றும் இன்றைய கல்லூரித் துறைகளுக்கெல்லாம் அது ஒருவகையில் பாட்டன் வீடு. இறையியலுக்கு எடுபிடியாக இருந்த ஒரு படிப்பு தன் காலில் நிற்கத் துணிந்தது அங்கேதான். அப்படித் துணிய வைத்தது பணமோ கட்டடமோ அல்ல, ஒரு கேள்வி: வகுப்பில் ஒரு மாணவன் 'புரிந்துவிட்டது' என்கிறானே, அந்தக் கணத்தில் புரிந்துகொள்வது யார்? அவனுக்குள் இருக்கும் அவனுடைய அறிவா, அல்லது மனிதர் எல்லோருக்கும் பொதுவான ஒரே அறிவா?

மூலப் பாடம்

கேள்வியின் வேர் அரிஸ்டாட்டில் எழுதிய 'ஆன்மாவைப் பற்றி' என்ற நூலில் இருக்கிறது. மூன்று பகுதிகள் கொண்ட சிறிய நூல். கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தாலும் இருட்டில் நிறம் தெரிவதில்லை. வெளிச்சம் வர வேண்டும். அறிவும் அப்படித்தான் என்கிறார் மூன்றாம் பகுதியில். எழுதாத பலகைபோல எதையும் ஏற்கக் காத்திருக்கும் அறிவு ஒன்று. வெளிச்சம்போல வந்து பொருளை விளங்கவைக்கும் அறிவு மற்றொன்று. இந்த இரண்டாவது உடலோடு கலவாதது, அழியாதது என்று சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அது நம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? ஒன்றா, பலவா? விளக்கவில்லை.

அந்தச் சில வரிகளுக்கு உரை எழுதியே ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த அஃப்ரோடிசியாஸ் ஊர் அலெக்சாந்தர், ஒளியூட்டும் அறிவு கடவுளே என்றார். ஏற்கும் அறிவோ உடலின் கலவையிலிருந்து எழும் வெறும் தகுதி, உடலோடு மறைவது என்றார். 4-ஆம் நூற்றாண்டின் தெமிஸ்தியஸ் அதை மறுத்து, ஏற்கும் அறிவும் உடலைச் சாராதது என்று வாதிட்டார். இந்த இரு உரைகளும் மூலத்தோடு சேர்ந்து அரபிக்குள் நுழைந்தன.

பாக்தாத் முதல் கொர்தோவா வரை

9-ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ மருத்துவர் கிரேக்க நூல்களைச் சிரியாக்குக்கும் அரபிக்கும் கொண்டுவந்தார். அவர் மகன் இஸ்ஹாக் தந்தையின் வழியில் அரிஸ்டாட்டிலை அரபியில் பெயர்த்தார். அதே நகரில் அல்கிந்தி 'அக்ல்' பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அரபியில் 'நஃப்ஸ்' ஆன்மா, 'அக்ல்' அறிவு. அடுத்து வந்த அல்ஃபாராபி, வானுலக அறிவுகளின் வரிசையில் கடைசியாக, சந்திர மண்டலத்தை ஒட்டி நிற்பதே ஒளியூட்டும் அறிவு என்று வகுத்தார். சூரியன் கண்ணுக்குச் செய்வதை அது நம் மனத்துக்குச் செய்கிறது.

புகாராவை அடுத்த ஊரில் 980-இல் பிறந்த இப்னு சீனா இந்தக் கட்டடத்துக்கு மேல்தளம் எழுப்பினார். ஒளியூட்டும் அறிவு வெளியே இருப்பது, எல்லோருக்கும் ஒன்று. அதை ஏற்கும் அறிவோ ஆளுக்கு ஆள் தனி, உடல் அழிந்தாலும் அழியாது என்றார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு பெயர்பெற்றது. முழு வளர்ச்சியோடு ஒரே கணத்தில் படைக்கப்பட்ட ஒரு மனிதன் வெட்டவெளியில் மிதக்கிறான். கண் மறைக்கப்பட்டிருக்கிறது, கையும் காலும் ஒன்றையொன்று தொடவில்லை, காற்றுகூட மேலே படவில்லை. அப்போதும் 'நான் இருக்கிறேன்' என்பதை அவன் அறிவான். அப்படியானால் 'நான்' என்பது உடல் அல்ல.

இமாம் கஸ்ஸாலி பாக்தாத் நிஜாமிய்யா கல்லூரியில் 1091 முதல் பாடம் நடத்தியவர். மெய்யியலாரின் இருபது கருத்துகளை எடுத்துக்கொண்டு 'தஹாஃபுத்' என்ற நூலில் ஒவ்வொன்றாக மறுத்தார். அவற்றுள் மூன்றை இறைமறுப்பு என்றே தீர்ப்பளித்தார். உடல் உயிர்த்தெழாது என்ற கருத்து அந்த மூன்றில் ஒன்று. அவருக்கு மறுப்பு எழுதியவர் அந்தலூசியாவின் கொர்தோவாவில் 1126-இல் நீதிபதிகள் குடும்பத்தில் பிறந்த இப்னு ருஷ்த்.

அவரும் நீதிபதியாகவே இருந்தார். பிறகு கலீஃபாவின் மருத்துவரானார். அரிஸ்டாட்டில் புரியவில்லை என்று கலீஃபா அபூ யஃகூப் யூசுஃப் குறைப்பட்டுக்கொண்டதை மூத்தவர் இப்னு துஃபைல் வந்து சொல்ல, உரை எழுதும் பணியை ஏற்றார் என்பது வரலாறு. சிற்றுரை, நடுவுரை, பேருரை என மூன்று அளவில் எழுதினார். ஆன்மா நூலுக்கு மூன்று உரையும் உண்டு. ஆனால் அறிவைப் பற்றிய அவர் நிலை உரைக்கு உரை மாறியது. பேருரையில் அவர் வந்து சேர்ந்த முடிவுதான் பாரிஸில் தீயாகப் பற்றியது: ஒளியூட்டும் அறிவு மட்டுமல்ல, ஏற்கும் அறிவும் மனித இனம் முழுமைக்கும் ஒன்றே.

கேட்டவுடன் விபரீதமாகத் தோன்றும் இந்த முடிவுக்கு அவர் காட்டிய காரணம் ஓர் ஆசிரியருக்கு உடனே விளங்கும். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று கற்பிக்கிறேன். என் மனத்தில் உள்ள உண்மையும் மாணவன் மனத்தில் உள்ள உண்மையும் இரண்டு உண்மைகளா? இரண்டானால், நான் கற்பித்ததை அவன் கற்றான் என்று எப்படிச் சொல்வது? ஒரு தீ இன்னொரு தீயை மூட்டுவதுபோல ஆசிரியரின் அறிவு மாணவனிடம் புதிதாக ஓர் அறிவைப் பிறப்பிக்கிறது என்றால், கற்றல் என்பதே நடவாது என்றார். ஆகவே அறிவு ஒன்று. வேறுபடுவது அவரவர் கண்டும் கேட்டும் சேர்த்துவைத்த மனப்படிமங்கள். அந்தப் படிமங்களின் வழியாக நாம் பொது அறிவோடு இணைகிறோம். ஆள் இறந்தால் படிமம் அழியும், அறிவு அழியாது. உலகின் ஏதோ ஒரு மூலையில் எப்போதும் யாரோ மெய்யியல் செய்துகொண்டிருப்பார்கள் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை.

1195-இல் காற்று மாறியது. அவருடைய மெய்யியல் நூல்கள் தடை செய்யப்பட்டன. லூசேனா என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். பிறகு மன்னிப்பு கிடைத்தாலும் 1198-இல் மராக்கேஷில் காலமானார். உடல் கொர்தோவாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டபோது சுமைவிலங்கின் ஒரு பக்கம் சவப்பெட்டி, எடை சமன்செய்ய மறுபக்கம் அவர் எழுதிய நூல்கள். நேரில் கண்ட சூஃபி ஞானி இப்னு அரபி இதைப் பதிந்து வைத்திருக்கிறார்.

தொலேதோவின் மேசை

நூல்கள் லத்தீனுக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1085-இல் தொலேதோ நகரம் காஸ்தீல் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோ வசம் வந்தது. அரபி நூல்கள் நகரில் நிறைந்திருந்தன. 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் அவெந்தாவுத் என்ற யூத அறிஞர். மற்றவர் குந்திசாலினுஸ் என்ற கிறிஸ்தவக் குரு. இப்னு சீனாவின் ஆன்மா நூலை முன்னவர் அரபியிலிருந்து சொல் சொல்லாக ஊர்ப் பேச்சுமொழியில் சொல்லச் சொல்ல, பின்னவர் லத்தீனில் எழுதினார். முஸ்லிம் எழுதியதை யூதர் சொல்ல, கிறிஸ்தவர் எழுதிய அந்த நூலின் வழியாகத்தான் மிதக்கும் மனிதன் ஐரோப்பாவுக்குள் வந்தான்.

இப்னு ருஷ்தின் பேருரை 1220-களை ஒட்டி மைக்கேல் ஸ்காட்டின் பெயரால் லத்தீனில் வந்தது. அரபி மூலம் துணுக்குகள் தவிரத் தொலைந்துபோயிற்று. லத்தீன் பெயர்ப்புக்கோ ஐம்பதுக்கும் மேற்பட்ட கைப்பிரதிகள் கிடைத்திருக்கின்றன. லத்தீன் பள்ளிகளில் 'மெய்யியலார்' என்றால் அரிஸ்டாட்டில், 'உரைகாரர்' என்றால் இப்னு ருஷ்த். வேறு பெயர் சொல்லத் தேவை இருக்கவில்லை.

தடையிலிருந்து பாடத்திட்டத்துக்கு

இனி வைக்கோல் தெரு. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல், திருச்சபைச் சட்டம், மருத்துவம் ஆகியவை மேற்புலங்கள். கலைப்புலம் அவற்றுக்குத் திண்ணை மாதிரி. இலக்கணமும் தருக்கமும் படித்துவிட்டு மாணவன் வீட்டுக்குள் போக வேண்டும். 1215-இல் திருத்தந்தையின் தூதர் ராபர்ட் தெ கூர்சோன் வகுத்த விதிகளில், கலைப்புலத்தில் பாடம் நடத்த ஆறாண்டுப் படிப்பும் 21 வயதும் வேண்டும். இறையியல் ஆசிரியருக்கு 35 வயது வேண்டும். உடையும் விதிக்கப்பட்டது: குதிகால்வரை தொங்கும் கருப்பு வட்ட அங்கி. ஆசிரியர்கள் பிரெஞ்சு, பிக்கார்டி, நார்மன், ஆங்கில நாட்டார் என்று நான்கு குழுக்களாகப் பிரிந்திருந்தார்கள். பிரிந்து சண்டையும் போட்டார்கள்.

அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களையும் அவற்றின் உரைகளையும் பாரிஸில் வெளிப்படையாகவோ மறைவாகவோ கற்பிக்கக்கூடாது, மீறினால் சபை விலக்கு என்று 1210-இலேயே ஆயர்கள் கூடி ஆணையிட்டிருந்தார்கள். 1215 விதிகளும் அதை உறுதிசெய்தன. 1229-இல் திருவிழா நாளில் மதுக்கடை ஒன்றில் கணக்குத் தகராறு முற்றி, காவலர் கையில் மாணவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். ஆசிரியர்கள் வகுப்புகளை நிறுத்திவிட்டு நகரைவிட்டே வெளியேறினார்கள். இரண்டு ஆண்டு பாடம் இல்லை. அப்போதுதான் தொடங்கியிருந்த துலூஸ் பல்கலைக்கழகம், பாரிஸில் தடுக்கப்பட்ட நூல்களை இங்கே படிக்கலாம் என்று மாணவர் சேர்க்கைக்கு விளம்பரமே செய்தது.

1231-இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி சமரசம் செய்துவைத்தார். வேலைநிறுத்தம் செய்யும் உரிமை ஆசிரியர்களுக்குக் கிடைத்தது. தடை செய்த நூல்களைப் பிழை நீக்கித் தர மூவர் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. பிழை நீக்கிய பதிப்பு வரவே இல்லை. நூல்கள் மட்டும் மெல்ல வகுப்புக்குள் வந்துவிட்டன. 1255 மார்ச் 19-இல் கலைப்புலம் தன் பாடத்திட்டத்தை வகுத்தபோது, 'ஆன்மாவைப் பற்றி' உட்பட அன்று தெரிந்திருந்த அரிஸ்டாட்டில் நூல்கள் எல்லாம் கட்டாயப் பாடம். சபை விலக்குக்கு உரிய நூல் தேர்வுக்கு உரிய நூலாக மாற 45 ஆண்டுகள் ஆயின. நான் இத்துறையின் உண்மையான நிறுவன நாளாகக் கொள்வது இதைத்தான்.

சுவரும் கண்ணும்

அந்தப் பாடத்திட்டத்தில் வளர்ந்த தலைமுறையின் ஆசிரியர் பிரபான்ட் நாட்டு சீஜர். பிக்கார்டி நாட்டார் குழுவைச் சேர்ந்தவர். குழுச் சச்சரவு ஒன்றைத் தீர்க்க 1266 ஆகஸ்டு 27-இல் எழுதப்பட்ட ஆவணத்தில்தான் அவர் பெயர் முதன்முதலாக வருகிறது. ஆன்மா நூலின் மூன்றாம் பகுதியைக் கற்பித்தபோது உரைகாரரின் வழியிலேயே சென்று, அறிவு மனிதர் எல்லோருக்கும் ஒன்று என்றார். மெய்யியலார் என்ன கருதினார்கள் என்பதைக் கண்டறிவதே என் வேலை. விசுவாசம் வேறு சொன்னால் அங்கே விசுவாசத்தைப் பற்றிக்கொள்கிறேன் என்பது அவர் நிலை.

இறையியல் புலம் பதறியது. அறிவு ஒன்றே என்றால், இறந்தபின் என் ஆன்மா என்று தனியாக எது மிஞ்சும்? யாருக்குத் தண்டனை, யாருக்கு மோட்சம்? பிரான்சிஸ்கன் சபையின் பொனவெந்தூரா மறையுரைகளில் கண்டித்தார். ஆனால் கூர்மையான மறுப்பு தொமினிக்கன் மடத்திலிருந்து வந்தது. 1268 முதல் இரண்டாம் முறையாகப் பாரிஸில் கற்பித்த தாமஸ் அக்குவினாஸ், 1270-இல் 'அறிவின் ஒருமை பற்றி' என்ற சிறு நூலை எழுதினார். வேதத்தை எடுத்து வீசாமல், அரிஸ்டாட்டிலின் சொற்களைக் கொண்டும் அண்மையில் லத்தீனுக்கு வந்த தெமிஸ்தியஸ் உரையைக் கொண்டும் எதிரியை எதிரியின் களத்திலேயே சந்தித்தார்.

அவர் பற்றிக்கொண்ட இழை மிக எளிது: இந்த மனிதன் அறிகிறான். இது யாரும் மறுக்க முடியாத அனுபவம். உங்கள் கொள்கை அதை விளக்குகிறதா? படிமம் என்னுடையது, அறிவு வெளியே இருப்பது என்றால், சுவரை எண்ணிப்பாருங்கள். சுவரில் நிறம் இருக்கிறது. அந்த நிறத்தைக் கண் பார்க்கிறது. அதனால் சுவர் பார்க்கிறது என்று சொல்வோமா? சுவர் பார்க்கப்படுகிறது. அதுபோல உங்கள் மனிதன் அறிபவன் அல்லன், அறியப்படுகிறவன்.

ஆசிரியர்–மாணவர் வாதத்துக்கும் அவரிடம் விடை இருந்தது. அறியப்படும் பொருள் ஒன்று. அதை அறியும் கருவி ஆளுக்கு ஒன்று. ஒரே முக்கோணத்தை இரண்டு பேர் இரண்டு மனத்தால் அறிவதில் முரண் இல்லை. ஆசிரியர் மருத்துவரைப் போன்றவர் என்று வேறொரு நூலில் விளக்குகிறார்: நோயாளியின் உடல்தான் தன்னைக் குணப்படுத்திக்கொள்கிறது, மருத்துவர் அதற்குத் துணை. கற்கிறவன் மாணவன், நாம் துணை. நூலின் முடிவில் ஓர் அறைகூவல்: மூலைமுடுக்கில் சிறுவர்களிடம் பேசாதீர்கள், துணிவிருந்தால் எனக்கு மறுப்பு எழுதுங்கள்.

சீஜர் எழுதினார். தாமஸின் வாதங்களை எடையிட்டு, சில இடங்களில் விடை காண முடியாமல் நெடுநாள் ஐயத்தில் இருந்தேன் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய பிற்காலப் பாடக்குறிப்புகள் அவர் தாமஸின் பக்கம் நெருங்கியதையே காட்டுகின்றன.

1277 மார்ச் 7

இரண்டு பேருக்கிடையே முடிந்திருக்க வேண்டிய வாதத்தில் நிர்வாகம் நுழைந்தது. 1270 டிசம்பர் 10-இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்ப்பியே 13 கருத்துகளைக் கண்டித்தார். பட்டியலில் முதலாவது, அறிவு எல்லோருக்கும் ஒன்றே என்பது. 1272-இல் கலைப்புலம், தூய இறையியல் கேள்விகளுக்கு எங்கள் ஆசிரியர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள் என்று தானே ஒரு விதி செய்தது. பணிவு போலத் தோன்றினாலும், இது எங்கள் எல்லை, இதற்குள் நாங்கள் என்று வேலி போட்டதும் அந்த விதிதான்.

வேலி காக்கவில்லை. 1276 நவம்பரில் விசாரணை அதிகாரி சீஜரையும் வேறு இருவரையும் அழைத்தபோது அவர்கள் ஏற்கெனவே நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார்கள். 1277 மார்ச் 7-இல் தாம்ப்பியே மறுபடியும் ஒரு பட்டியல் வெளியிட்டார். இம்முறை 219 கருத்துகள். அவற்றைக் கற்பித்தவர் மட்டுமல்ல, கேட்டவரும் ஏழு நாளுக்குள் வந்து ஒப்புக்கொள்ளாவிட்டால் சபை விலக்கு. அன்றைக்குத் தாமஸ் இறந்து சரியாக மூன்று ஆண்டுகள். பட்டியலில் அவர் கருத்துக்கு நெருக்கமான சிலவும் இருந்தன. 1323-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு, 1325-இல் பாரிஸ் ஆயர் ஒருவர், தாமஸைத் தொடும் அளவுக்கு அக்கண்டனம் செல்லாது என்று திரும்பப் பெற்றார். சீஜருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1284-க்குள் இத்தாலியின் ஓர்வியேத்தோவில், மனநிலை பிறழ்ந்த தன் எழுத்தரின் கையால் குத்துண்டு இறந்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஏடு வேறொன்று. தாமஸ் இறந்த செய்தி வந்ததும் 1274 மே 2-இல் ஓர் இரங்கல் கடிதம் தொமினிக்கன் சபைக்குப் போனது: அவர் எலும்புகளைப் பாரிஸுக்குத் தாருங்கள், எழுதி முடிக்காமல் விட்ட மெய்யியல் நூல்களையும் தாருங்கள். எழுதியது இறையியல் புலம் அல்ல. அவர் எதிர்த்து வாதிட்ட அதே கலைப்புலம். எதிர்வாதி இறந்ததற்குத் துக்கம் காத்த துறை அது.

பின்வந்தவை

வாதம் பாரிஸோடு ஓயவில்லை. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகம் உரைகாரரின் கோட்டையாகி, இருநூறு ஆண்டு அதைக் காத்தது. 1489-இல் அவ்வூர் ஆயர் இந்தக் கேள்வியைப் பொதுவில் விவாதிக்கத் தடை விதித்தார். 1513-இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் அறிவின் ஒருமைக் கொள்கையைக் கண்டித்தது. கவிஞர் தாந்தே மட்டும் வேறு தீர்ப்பு எழுதினார். இப்னு சீனாவையும் இப்னு ருஷ்தையும் நற்பண்புடைய பிறசமயத்தாருக்கான இடத்தில் கண்ணியமாக அமர்த்தினார். விண்ணுலகில் தாமஸின் பக்கத்து இருக்கையைச் சீஜருக்குக் கொடுத்து, வைக்கோல் தெருவில் பாடம் நடத்தியவர் என்று தாமஸின் வாயாலேயே அறிமுகம் செய்யவைத்தார். அந்தத் தெருவை அடுத்து ஓடும் தெருவுக்கு இப்போது தாந்தேயின் பெயர்.

1210-இன் தடையும் 1277-இன் தடையும் நினைவுச் சின்னங்களாகிவிட்டன. 1255-இன் பாடத்திட்டம் இன்றும், வேறு வடிவில், நம் கால அட்டவணையில் இருக்கிறது. ஒரு துறையின் வரலாற்றில் எது நிலைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இம்மலரைப் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இப்னு சீனாவையும் இப்னு ருஷ்தையும் நாம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே படிக்கிறோம். தமிழ்நாட்டில் அரபி மத்ரசாக்களில் ஓதி வளர்ந்தவர்கள் நிறையப் பேர்; மெய்யியல் படித்தவர்கள் நம் துறையிலேயே இருக்கிறார்கள். இருவரும் சந்திப்பதுதான் இல்லை. துறையின் அடுத்த விழாவுக்குள் இப்னு ருஷ்தின் ஒரு சிறு நூலாவது அரபியிலிருந்து நேரே தமிழுக்கு வரட்டும். தொலேதோவில் அதற்குத் தேவைப்பட்டது இரண்டு பேரும் ஒரு மேசையும்தான்.